அசையாத சாட்டிலைட்

"வந்துச்சா?" என்று மொட்டைமாடியிலிருந்து ஏனோக் கத்தினான்.

கடை வாசலில் நின்ற வள்ளி அந்தக் கேள்வியை வாங்கி எதிரே இருந்த டீக்கடைக்கு அனுப்பினாள். "வந்துச்சாண்ணா?"

டீக்கடைத் தங்கவேலு பாய்லரை விட்டு நகராமல், கழுத்தை மட்டும் திருப்பி அலமாரி மேலிருந்த டி.வி.யைப் பார்த்தார். "கொசு பறக்குது."

"கொசுவாம்" என்று வள்ளி மேலே பார்த்துச் சொன்னாள்.

மாடியில் ஸ்பேனர் இரும்பில் உரசியது. பன்னிரண்டு அடி டிஷ் முனகிக்கொண்டு துளி திரும்பியது.

"இப்போ?"

"இப்போண்ணா?"

"ஒரு பொம்பள மூஞ்சி வருது. அழுவுறாளா சிரிக்கறாளான்னு தெரியல."

பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்த இரண்டு பேர் சிரித்தார்கள். வள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்து வலித்தது. ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து இதே கதைதான். ஒரு நாள் நன்றாக வரும் படம் மறுநாள் போய்விடும். ஏனோக் மாடிக்கு ஓடுவான். இவள் நடுரோட்டில் நின்று மேலே ஒரு முறை, எதிரே ஒரு முறை என்று கத்திக்கொண்டிருப்பாள்.

டீக்கடை அலமாரியில் அடுக்கியிருந்த கண்ணாடி டம்ளர்கள் கலகலவென்று ஆடின. சுரங்கத்துக்குள் எங்கோ பாறை வெடித்திருக்கும். தங்கவேலு திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையை நீட்டி டம்ளர்களை அமுக்கிப் பிடித்தார். மறு கையால் டி.வி.யைக் காட்டினார்.

"அழுவுறா! அழுவுறா! வந்துச்சு, டைட் பண்ணச் சொல்லு!"

"டைட் பண்ணாம்!"

ஏனோக் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தபோது, கடைவாசலில் ஜெயம்மா இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். பஜாருக்குப் பின்னால் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் குடியிருப்பவள். வள்ளியின் பழைய வாடிக்கை.

"இன்னா ஏனோக்கு, நேத்து சீரியல்ல மாமியார்க்காரி பால்ல விஷத்தைக் கலக்கிக் கையில குடுக்கறா. புஸ்ஸுன்னு போயிடுச்சு. அந்தப் பொண்ணு குடிச்சாளா இல்லியா?"

"அது டிரான்ஸ்பாண்டர்ல கோளாறா இருக்கும் ஜெயம்மாக்கா. சாட்டிலைட்டுக்குள்ள கீற பொட்டி அது. கீழேந்து போறது அப்லிங்க்கு. அதை வாங்கித் திரும்ப அனுப்பினா டவுன்லிங்க்கு…"

"லிங்க்கை எல்லாம் நீ வெச்சுக்க. குடிச்சாளா?"

"சாட்டிலைட்டுக்கு ஃபுட்பிரின்ட்னு ஒண்ணு கீது. அதோட சிக்னல் பூமியில விழற எடம். நம்ம ஊரு அதுக்கு நட்டநடுவுல கீது. அதனால சிக்னல் இல்லாமப் போவ சான்ஸே…"

"அப்ப அந்தக் காலடி எங்க லைனை மட்டும் ஏன் தாண்டிப் போவுது? மஞ்சுநாத்து கனெக்‌ஷன்ல பளிச்சுன்னு வருதாமே!"

ஏனோக் ஸ்பேனரைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டான். மஞ்சுநாத் என்ற பெயரைக் கேட்டதும் வள்ளி கடைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

*

நந்திதுர்க் பஜாரில் கோதண்டராமன் ரேடியோஸ் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. வள்ளியின் கணவர் கோதண்டராமன் மாரடைப்பில் போன பிறகு ரேடியோ வாங்கவும் ஆள் இல்லை, ரிப்பேருக்குக் கொண்டுவரவும் ஆள் இல்லை. தங்கம் தோண்டும் மைன்ஸை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஊரே எதையும் புதிதாக வாங்காமல் இருந்தது. ஆனால் டி.வி. பார்ப்பதை மட்டும் யாரும் விடவில்லை. வள்ளியின் வீட்டு அடுப்பு எரிந்ததும், பெங்களூரில் மகள் ரஷ்மி நர்சிங் படித்ததும் கடை மாடி டிஷ்ஷிலிருந்து வீடு வீடாக இழுத்த கேபிள் லைனால்தான்.

லைனை இழுத்துக் கொடுத்தவன் ஏனோக். அவன் அப்பா சாம்பியன் ரீஃப் ஷாஃப்டில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜை ஓட்டியவர். மகனுக்கு மைன்ஸில் வேலை கிடைக்கவில்லை. அவன் பெங்களூருக்குப் போய் ஒரு டிஷ் கம்பெனி நடத்திய வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, வாய் நிறைய வார்த்தைகளோடு திரும்பி வந்தான். வார்த்தைகளோடு வேலையும் தெரிந்திருந்தது. கம்பத்தில் ஏறுவான், மழையில் நனைவான், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே கடைக்கு வருவான்.

டிஷ்ஷை மாடியில் நிறுத்திய அன்று வள்ளி அவனிடம் கேட்டாள். "சாட்டிலைட்டு வானத்துல சுத்திகினே இருக்குன்ற. நம்ம டிஷ்ஷு ஒரே பக்கமா பாத்துகினு நின்னா எப்படிடா?"

"இது ஜியோ ஸ்டேஷனரிக்கா. பூமி ஒரு சுத்து சுத்தற நேரத்துக்குள்ள அதுவும் சரியா ஒரு சுத்து. கேஜ்ல ரெண்டு பேரு எறங்கறோம்னு வெச்சுக்குங்க. ஷாஃப்ட் செவுரு விர்ருன்னு மேல ஓடும். ஆனா எதிர்ல நிக்கறவன் அப்படியே நிப்பான் இல்ல? அந்த மாதிரி. நமக்கு அது நகராது. எலிவேஷன்னா எவ்வளவு நிமிந்து பாக்கணும், அசிமத்துன்னா எந்தப் பக்கம் பாக்கணும். ரெண்டையும் ஒரு தடவ சரியா வெச்சுட்டா, ஆயுசுக்கும் தொட வேணாம்."

அவன் சொன்னபடியே நான்கு வருடங்கள் தொடவில்லை.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் ராடு என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்த பிறகு, வள்ளிக்கு மாடி நினைவு வந்தது. டிஷ் நிற்கும் இரும்புக் கால் முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு.

"சோறு போடறது அதுதான். அதை மட்டும் அழுக்கா விடலாமா? நல்லாத் தேச்சு எண்ணெய் போடு ஏனோக்கு."

அவன் உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மிஷின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, வெள்ளி பெயின்ட்டும் அடித்தான். வள்ளி டிஷ்ஷின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சர்ச்சுக்குப் போகிற ஏனோக் கையைக் கட்டி நின்று பொரிகடலை வாங்கிக்கொண்டான்.

அந்த வாரமே பகலில் படம் போனது. ஏனோக் பதற்றப்படவில்லை. "இது சன் அவுட்டேஜ்க்கா. இந்தப் பருவத்துல சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வந்து நிக்கும். அது போடற சத்தத்துல சிக்னல் முழுகிடும். கொஞ்ச நேரத்துல தானா வரும்" என்றான். வந்தது. மறுநாளும் போனது, வந்தது. பஜார் முழுக்க "சூரியன் மறைக்குதாம்" என்று சொல்லிச் சிரித்தார்கள். பிறகு ஒரு நாள் பொழுது சாய்ந்த பின் படம் போனது. அப்போது எந்தச் சூரியனைச் சொல்வது?

ராபர்ட்சன்பேட்டை மஞ்சுநாத் அந்த வாரம் தன் மோட்டார் பைக்கில் வந்தான். ஊரில் பாதி கேபிள் லைன் அவனுடையது. மீதியையும் மெதுவாக வாங்கிக்கொண்டிருந்தான். உள்ளே வந்து உட்காராமல் கடை மேஜைமேல் ஹெல்மெட்டை வைத்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் பேசினான்.

"நோடி அக்கா, நான் சண்டைக்கு வரல. உங்க ஜனங்கதான் என்னைக் கூப்பிடறாங்க. தீபாவளி அன்னைக்குப் புதுப் படம் போடறான். அன்னைக்கும் உங்க கனெக்‌ஷன்ல கொசு பறந்தா, சாயங்காலமே எல்லா ஒயரையும் பிடுங்கிட்டு என்கிட்ட வந்துடுவாங்க. அதுக்கு முன்னாடி லைனை எனக்குக் குடுத்துட்டா உங்களுக்கும் மரியாதை."

"தீபாவளி வரைக்கும் பாக்கறேன்" என்றாள் வள்ளி.

"பாருங்க. பாவம், வயசான காலத்துல உங்களுக்கு ஏன் இந்தக் கத்தல்?"

வள்ளிக்கு நாற்பத்து மூன்று வயதுதான். ஆனால் அவன் சொன்னபோது மறுக்கத் தோன்றவில்லை.

*

ஜெயம்மா வந்து சத்தம் போட்ட அன்று, ஏனோக் கிளம்பிப் போன பிறகு வள்ளி மாடிக்குப் போனாள். ரஷ்மி விட்டுப்போன நகப்பூச்சு பாட்டில் கையில் இருந்தது. டிஷ்ஷின் இரும்புக் காலில் அசையாத பகுதியும் திரும்புகிற பகுதியும் சேரும் இடத்தில், இரண்டின்மேலும் படும்படி சிவப்பாக ஒரு கோடு போட்டாள். மாடிக் கதவைப் பூட்டினாள். அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று அவள் இடுப்பில் இருந்தது. மற்றது ஏனோக்கிடம்.

படம் இரண்டு நாள் கண்ணாடி மாதிரி வந்தது. மூன்றாம் நாள் காலையில் ஜெயம்மா வீட்டிலிருந்து ஆள் வந்தது. வள்ளி யாரிடமும் எதுவும் பேசாமல் மாடிக்கு ஏறினாள். பூட்டு அப்படியே இருந்தது. கோடு மட்டும் இரண்டாக உடைந்து, மேல் பாதி ஒரு விரல் தள்ளிப் போயிருந்தது.

ஏனோக் டீக்கடையில் நின்றிருந்தான். டம்ளர் அவன் உதட்டருகே இருந்தபோது வள்ளி எதிரே வந்து நின்றாள்.

"சாட்டிலைட்டு நகருமா ஏனோக்கு?"

"நகராதுக்கா. அதான் சொல்லியிருக்கேனே."

"டிஷ்ஷு தானா திரும்புமா?"

"அதெப்படி? அவ்வளவு கனம்."

"கோடு போட்டு வெச்சேன். திரும்பியிருக்கு. கதவு பூட்டியே இருந்துச்சு. சாவி உங்கிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு. நான் திருப்பல. மிச்சம் யாரு?"

ஏனோக் டம்ளரைக் கீழே வைத்தான். யோசித்தான். அவனுடைய வார்த்தைகள் ஒவ்வொன்றும் அவனுக்கு எதிராகவே நின்றன. நகராதது நகராது. கனமானது தானாகத் திரும்பாது.

"நான் தொடலக்கா" என்றான்.

"மஞ்சுநாத்து இன்னா தரேன்னான்?"

பெஞ்சில் இருந்தவர்கள் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார்கள். தங்கவேலு, "வள்ளி, இன்னாம்மா இது, உள்ள போயிப் பேசக்கூடாதா?" என்றார். அதற்குள் ஏனோக் பையிலிருந்து சாவியை எடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். பின்பாக்கெட்டில் எப்போதும் குத்திக்கொண்டிருக்கும் ஸ்பேனரையும் எடுத்து வைத்தான்.

"டைட்டு பண்ணும்போது எலிவேஷன் நட்டை மொதல்ல தொடாதீங்க. அசிமத்தை மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அதைக்கூட அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வள்ளிக்கு அன்று முழுவதும் உறுத்தியது.

*

டிஷ் கம்பெனிக்குப் போன் செய்து கெஞ்சியதில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பாக ஸ்ரீநிவாஸ் என்ற இளைஞன் வந்து இறங்கினான். பெங்களூர் வண்டியின் கூட்டத்தில் கசங்கிய சட்டை, கையில் சின்னப் பெட்டி, அதற்குள் முள் ஆடுகிற மீட்டர்.

"எங்க மேடம் இருக்கு டிஷ்?"

ஒரு மணி நேரம் வேலை செய்தான். அவனுக்கு டீக்கடையும் வேண்டாம், கத்தலும் வேண்டாம். மீட்டரை ஒயரில் மாட்டி முள்ளைப் பார்த்துக்கொண்டே டிஷ்ஷைத் திருப்பினான். முள் உச்சிக்குப் போய் நின்றதும் நட்டை முறுக்கினான். வள்ளி பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டாள்.

"பர்ஃபெக்ட். இனிமே யாராவது கை வெச்சாத்தான் போகும்" என்றான்.

"கை வெக்கறவன் போயிட்டான்" என்றாள் வள்ளி.

கீழேயிருந்து வாங்கி வந்திருந்த டீயை அவள் ஒரு டம்ளரில் ஊற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, இரண்டாவதில் ஊற்ற ஆரம்பித்தாள். ஸ்ரீநிவாஸ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தூரத்தில் தெரிந்த, தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைட் மண்மேட்டைப் பார்த்து, "அது மலையா மேடம்?" என்று கேட்டான்.

காலுக்கு அடியிலிருந்து ஒரு முட்டு வந்தது. பெரிய பீரோவைக் கீழ் வீட்டில் யாரோ தள்ளிவிட்ட மாதிரி. மாடி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. தகரக் கூரைகள் கடகடத்தன. ஸ்ரீநிவாஸின் டம்ளர் சுவரைத் தாண்டிக் கீழே விழுந்தது. அவன் இரண்டு கைகளாலும் சுவரைக் கட்டிக்கொண்டான்.

"மேடம்! எறங்குங்க! எர்த்குவேக்!"

"எங்க?" என்றாள் வள்ளி. அவள் இன்னும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கயா? இங்கதான்! இப்ப ஆடிச்சே, உங்களுக்குத் தெரியல?"

"ஓ, அதுவா? அது பர்ஸ்ட்டு சார். கீழ பழைய லெவல்ல பாறை வெடிக்கும். அடிக்கடி ஆவறதுதான். என்னுதை எடுத்துக்குங்க, ஆறிடப்போவுது."

ஸ்ரீநிவாஸ் டீயை எடுக்கவில்லை. சுவரை விடாமல், தன் பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். மீட்டர் இன்னும் ஒயரில் மாட்டியிருந்தது. முள் உச்சியில் இல்லை. கீழே படுத்துக் கிடந்தது.

"மேடம்" என்றான் மெதுவாக. "நீங்க போட்ட கோட்டைப் பாருங்க."

வள்ளி பார்த்தாள். ஈரம்கூடக் காயாத சிவப்புக் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. மாடியில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. இருவர் கையிலும் ஸ்பேனர் இல்லை.

கையில் இருந்த பாத்திரத்தை அவள் கீழே வைத்தாள்.

"இது எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்?" என்று ஸ்ரீநிவாஸ் கேட்டான்.

"யாரு அதையெல்லாம் எண்றாங்க?"

ஸ்ரீநிவாஸ் குனிந்து இணைப்பைத் தடவினான். விரல் வழுக்கியது. "நாலு வருஷமா நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க. துரு இருந்திருக்கும். துரு வெல்டிங் வெச்ச மாதிரி கவ்விக்கும், என்ன ஆட்டினாலும் விடாது. இப்ப சுத்தமா வழுக்குது. இவ்வளவு எண்ணெய் யார் மேடம் ஊத்தினது?"

வள்ளி எண்ணெய்ப் பிசுக்கை விரலால் தொட்டுப் பார்த்து, "சாட்டிலைட்டு நகராதுன்னு சொன்னானே" என்றாள், யாரிடமோ முறையிடுவது போல.

"சாட்டிலைட் நகரல மேடம். உங்க ஊருதான் நகருது."

எண்ணெயைத் துடைத்து, நட்டுக்கு மேல் இன்னொரு நட்டையும் போட்டு முறுக்கினான். வெல்டிங் வைக்க முடியாது, சில சேனல்கள் சீக்கிரம் வேறு சாட்டிலைட்டுக்கு மாறப்போகின்றன, அப்போது திருப்ப வேண்டியிருக்கும் என்றான். "சின்ன ஆட்டத்துக்கு இது தாங்கும். பெருசுக்குத் தாங்காது. ஆடினா உடனே ஒருத்தர் ஏறிப் பார்க்கணும்" என்றவன், அடுத்த வண்டி எப்போது என்று கேட்டான். அது வரும்வரை டீக்கடைக்குள் நிற்காமல் நடுரோட்டிலேயே நின்றான்.

*

மைசூர் மைன்ஸ் லைனில் ஏனோக்கின் வீட்டுக்கு வள்ளி நடந்தே போனாள். வழியெல்லாம் முழங்கால் வலித்தது. அவன் வாசலில் உட்கார்ந்து புது ஒயரை வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். மஞ்சுநாத்தின் ஒயர்.

"உக்காருங்கக்கா" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

அவள் உட்காராமலே சொல்லி முடித்தாள். பர்ஸ்ட், கோடு, துரு, எண்ணெய், எல்லாம். ஏனோக்கின் கை ஒயரைச் சுற்றுவதை நிறுத்தியது. பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"எனக்குத் தோணியிருக்கணும். பர்ஸ்ட்டு வந்தா எங்கப்பா சோத்துத் தட்டுலேந்து தலையை நிமித்த மாட்டாரு. நானும் அப்படியே வளந்துட்டேன். ஆகாசத்துல கீறதை எல்லாம் படிச்சேன், காலுக்கடியில கீறதை விட்டுட்டேன்."

"வந்துடு ஏனோக்கு."

"மஞ்சுநாத்துகிட்ட சேந்துட்டேன்க்கா. நாலு நாள் சும்மா இருந்தேன். வீட்ல இருக்கறவங்க சாப்பிடணும் இல்ல?"

"நான் சொன்னது தப்பு. அதான் சொல்ல வந்தேன்."

"இங்க யாரும் கேக்கலியேக்கா." அவன் மறுபடி ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். "நீங்க சொன்னது தங்கவேலண்ணன் கடையில. அப்பால அந்தப் பக்கம் நான் டீ குடிக்கப் போவல. எவன் வீட்டு மாடிக்கு ஏறினாலும், பின்னாடியே ஒருத்தன் வந்து நிக்கறான்."

மறுநாள் காலையில், பெஞ்சு நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து வள்ளி டீக்கடைக்குப் போனாள். டீ சொல்லவில்லை. நடுவில் நின்று பேசினாள். "ஏனோக்கு டிஷ்ஷைத் திருப்பல. பர்ஸ்ட்டுல அது தானா திரும்பியிருக்கு. எண்ணெய் போடச் சொன்னது நான். அவன் மேல பழி போட்டதும் நான்."

"பர்ஸ்ட்டா?" என்றார் தங்கவேலு. "அது எப்பவும் ஆவறதாச்சே. அதுக்கா இத்தினி ரகளை?"

"அப்ப சாமி கும்பிட்டதுதான் கோளாறுன்ற" என்றான் பெஞ்சிலிருந்த ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். வள்ளி நின்று அந்தச் சிரிப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள். விஷயம் மத்தியானத்துக்குள் மைசூர் மைன்ஸ் போய்ச் சேர்ந்திருக்கும். ஏனோக் வரவில்லை.

*

தீபாவளி அன்று பஜாரில் விடியற்காலை முதல் வெடி. புதுப்படம் பத்து மணிக்கு என்று விளம்பரம் செய்திருந்தார்கள். டீக்கடை டி.வி.க்கு முன்னால் புதுச் சட்டைகள் முண்டியடித்தன. ஜெயம்மா கடைவாசல்வரை வந்து வள்ளியைப் பார்த்து, "இன்னிக்கு மட்டும் போச்சு, அவ்வளவுதான் சொல்லிட்டேன்!" என்று கத்திவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

டீக்கடைக்கு அடுத்த கம்பத்தில் ஏனோக் ஏறியிருந்தான். மஞ்சுநாத் இந்தத் தெருவுக்கும் ஒயர் இழுக்கச் சொல்லியிருந்தான். சாயங்காலம் எல்லோரும் மாறுவார்கள் என்ற கணக்கு. தீபாவளிக்கு லீவு கேட்காத ஆள் ஏனோக் ஒருவன்தான். அவன் வள்ளியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் மறுபடி ஒயரைக் கட்டத் தொடங்கினான்.

படம் ஆரம்பித்தது. பெயர்கள் ஓடின. விசில் பறந்தது.

வெடிச் சத்தத்தில் அந்தச் சத்தம் யாருக்கும் தனியாகக் கேட்டிருக்காது. தங்கவேலுகூட டம்ளர்களைப் பிடிக்கவில்லை. ஆனால் இரும்புக் கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தவனுக்குத் தெரிந்தது. கம்பம் அடியிலிருந்து நுனிவரை நடுங்கியது.

"அக்கா! பர்ஸ்ட்டு!"

அந்த ஊரில் அந்த வார்த்தையை யாரும் அப்படிக் கத்திச் சொன்னதில்லை. தெருவில் இருந்தவர்கள் முதல் தடவையாகக் காலடியைப் பார்த்தார்கள். வள்ளி அதற்குள் பாதிப் படியில் இருந்தாள். கடைச் சுவரில் சாய்ந்திருந்தபோது முதுகில் பட்ட அதிர்வில் அவளே கிளம்பியிருந்தாள். இடுப்பில் இரண்டு சாவிகள், கையில் ஸ்பேனர்.

கோடு பிரிந்திருந்தது. முதல் நட்டைத் தளர்த்தினாள். இரண்டாவது நட்டு வரவில்லை. முழு உடம்பையும் ஸ்பேனர்மேல் போட்டு அழுத்தினாள். வந்தது. தோளை டிஷ்ஷுக்குக் கொடுத்துத் தள்ளினாள்.

"வந்துச்சா?"

சரவெடிச் சத்தத்தில் அவள் குரல் மாடியைத் தாண்டவில்லை. நடுரோட்டில் நின்று வாங்கிக் கொடுக்க இப்போது ஆளும் இல்லை.

"கொசு!" என்று பதில் வந்தது.

எட்டிப் பார்த்தாள். ஏனோக் கம்பத்திலிருந்து இறங்கி டீக்கடை வாசலில் நின்றிருந்தான். தோளில் மஞ்சுநாத்தின் ஒயர், இரண்டு கைகளும் வாயைச் சுற்றிக் குவிந்திருந்தன.

"மேற்கால தள்ளுங்க! இன்னும்! அய்யோ, அது எலிவேஷன்க்கா, அதை விடுங்க! அசிமத்து, அசிமத்து! கொஞ்சம்… கொஞ்சம்… போச்சு, திரும்பி வாங்க! நின்னுச்சு! டைட் பண்ணுங்க!"

டீக்கடையிலிருந்து பெரிய கூச்சல் எழுந்தது. ஜெயம்மா வீட்டுப் பக்கமிருந்து எந்தச் சத்தமும் இல்லை. அதுவே நல்ல செய்தி.

வள்ளி முறுக்கினாள். மணிக்கட்டு வலிக்கும்வரை முறுக்கினாள். பிறகு புதுப்புடவையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

கீழே மோட்டார் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மஞ்சுநாத்தின் குரல். "ஏனப்பா ஏனோக்கு, நீ யார்கிட்ட வேலை செய்யறே? யாருக்குக் கத்தறே?"

"படம் தெரியலன்னாங்க. சொன்னேன்."

"சொல்லுவியா? சொல்லு, சொல்லு."

"திட்டறதா இருந்தா சாயங்காலம் திட்டுங்கண்ணா. இப்ப படம் ஓடுது. எல்லாரும் பாத்துகினு கீறாங்க."

கொஞ்ச நேரம் மஞ்சுநாத்தும் வாசலில் நின்று படம் பார்த்திருக்க வேண்டும். பைக் கிளம்பிப் போகும் சத்தம் தாமதமாகத்தான் கேட்டது. லைனைக் கொடுப்பது பற்றி வள்ளியிடம் பதில் கேட்க அவன் மேலே வரவில்லை. ஏனோக் மறுபடி கம்பத்தில் ஏறினான். வேலை வேலைதான்.

"வள்ளி! டீ மேல அனுப்பட்டுமா?" என்று தங்கவேலு கூப்பிட்டார்.

"அனுப்புங்கண்ணா. நான் இப்ப எறங்க மாட்டேன். ஒண்ணு வந்தா பின்னாடியே இன்னொண்ணு வரும்."

ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டாள். வானம் வெடிப்புகையில் மங்கலாக இருந்தது. அங்கே எங்கோ இருந்த சாட்டிலைட், ஏனோக் சொன்னபடி, துளியும் அசையாமல் நின்றிருக்கும். வள்ளி நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளங்கையை மாடித் தரையில் வைத்துப் பார்த்தாள். வெயில் ஏறிய சூடு மட்டும் தெரிந்தது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.